மாவு ஏன் வியர்க்கிறது? சிறுவர் கைவேலை: வாசகர் கேள்வி பதில்

ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கக்கூடிய கைவேலைகள், தொட்டு அளைந்து விளையாடும் விளையாட்டுகள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. அளவுகளில் ஒரு கோப்பை என்றால் 250 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

இணையத்தில் பார்த்து மைதா, உப்பு, எண்ணெய் சேர்த்து விளையாட்டு மாவு பிசைந்தேன். அன்று நன்றாக இருந்தது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் தண்ணீர் விட்டு ஒரே பிசுபிசுப்பு. மகளுக்கு மூன்று வயது. அளவில் தவறா?
(வாசகி, பொங்கோல்)

அளவைவிட நம் ஊர்க் காற்றைத்தான் குறை சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். மழையில்லாத மதியங்களில்தான் 60 வாக்கில் இறங்கும். நீங்கள் பார்த்த குறிப்பு வறண்ட, குளிரான ஊரில் இருப்பவர்கள் எழுதியதாக இருக்கலாம். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு என்ற அவர்கள் கணக்கு இங்கே எடுபடாது.

உப்பைக் குறையுங்கள், பச்சையாகப் பிசையாமல் அடுப்பில் கிளறுங்கள். ஒரு கோப்பை மைதா, மூன்றில் ஒரு கோப்பை தூள் உப்பு, இரண்டு தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்ட்டர், ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், ஒரு கோப்பை தண்ணீர். க்ரீம் ஆஃப் டார்ட்டர் பேரங்காடிகளில் கேக் செய்யும் பொருள்கள் இருக்கும் வரிசையில் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றி, தண்ணீரில் அதே அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புளிப்புதான் மாவு இழுபட்டு வளைய உதவுகிறது, சீக்கிரம் கெடாமலும் காக்கிறது. வண்ணத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிட வேண்டும். பிறகு பிசைந்து சேர்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும், உங்கள் கையும் மூன்று நாளைக்கு நீலமாக இருக்கும். கல் உப்பு போடாதீர்கள். முழுதாகக் கரையாமல் நறநறக்கும்.

எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு திடீரென அடியில் திரளும். அந்த நேரத்தில்தான் பலரும் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள். மாவு ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டுப் பிரியும் வரை, இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் கிளறுங்கள். ஒரு சிட்டிகை கிள்ளி உருட்டிப் பாருங்கள், விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று பொருள். மேலே உலர்ந்த மாவைத் தூவிச் சரிக்கட்டினால் மறுநாள் மீண்டும் ஒட்டும்.

சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் மூடியில் நீர் கோத்து மாவின் மேலேயே சொட்டும். சமையலறைத் தாளில் ஒரு சுற்றுச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். லேசாக வியர்த்தால் ஒரு தேக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்) தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். புளித்த வாடை வந்தாலோ புள்ளி விழுந்தாலோ தயங்காமல் எறியுங்கள். குளிரூட்டிய அறையில் விளையாடினால் கதை தலைகீழ்: அரை மணி நேரத்தில் ஓரங்கள் காய்ந்து உதிரும். பக்கத்தில் ஈரத்துணி ஒன்று இருந்தால் பிள்ளையே கையை நனைத்துக்கொண்டு பிசையும்.

அடுப்பில் கிளறச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சை மைதாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். வாணலியில் வெறுமனே வறுத்தால் அவை செத்துவிடும் என்று நம்ப முடியாது. தண்ணீரோடு சேர்ந்து வேக வேண்டும். வெந்த மாவும் தின்பதற்கு அல்ல, உப்பு மிக அதிகம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து.

என் மகள் வேலைக்குப் போனபின் நானும் மனைவியும்தான் ஒன்றரை வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்கிறோம். எது கிடைத்தாலும் வாய்க்குள் போகிறது. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளை இணையக் கடையில் பார்த்தேன். தொட்டு விளையாட வாங்கித் தரலாமா?
(வாசகர், அங் மோ கியோ)

வேண்டாம் ஐயா. ஊறுவதற்கு முன் அந்த மணி கடுகைவிடச் சற்றுப் பெரியதுதான். தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போனால் பெரியவர் கண்ணுக்குத் தெரியாது, தவழும் பிள்ளை கண்டுபிடித்துவிடும். விழுங்கினால் வயிற்றுக்குள் போயும் ஊறி, குடலை அடைத்துக்கொள்ளலாம். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் நேரமாகும். மூக்கு, காதுக்குள் போய் வீங்கிய சம்பவங்களும் உண்டு. 2023 இறுதியில் அமெரிக்காவின் பெரிய கடைகள் சில, சிறுவர்க்கென இவற்றை விற்பதை நிறுத்தின. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அதே வழுக்கலும் குளிர்ச்சியும் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது: ஜவ்வரிசி. பாயசத்துக்கு வாங்கும் சிறு ஜவ்வரிசி அரை கோப்பை போதும். ஆறு கோப்பைத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு கொட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் மணிகள் கரைந்து கூழாகிவிடும். பத்து நிமிடம் அவ்வப்போது கிளறி, அடுப்பை அணைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டு மறைந்ததும் வடிகட்டியில் கொட்டிக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பசை போனால்தான் மணி மணியாக நிற்கும். பீட்ரூட் வேகவைத்த நீரில் ஒரு பாதியையும், சங்குப்பூ ஊறிய நீரில் மறு பாதியையும் கால் மணி நேரம் போட்டால் இளஞ்சிவப்பும் நீலமும் கிடைக்கும். அகலமான தட்டில் கொட்டி, சிறிது தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டி ஒன்று, ஓட்டைக் கரண்டி ஒன்று கொடுங்கள். ஒரு வாய் போனாலும் பாதகமில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கே எறிந்துவிடுங்கள், மறுநாள் வரை வைக்க வேண்டாம்.

இன்னொன்று இடியாப்ப மாவு. வறுத்த அரிசி மாவு ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்; கொதிக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். ஏறக்குறைய ஒரு கோப்பை பிடிக்கும். மூடி வைத்து, சூடு தாங்கும் பதத்தில் நீங்கள் பிசைந்து, நன்கு ஆறியதும் கொடுங்கள். உப்பு வேண்டியதில்லை. மைதாவின் இழுவை இதில் இல்லாததால் ஒரு மணி நேரத்தில் வெடிக்கத் தொடங்கும்; ஈரக்கையால் தடவினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். பணியாரக் கல்லின் குழிகளில் உருண்டைகளை வைத்து எடுப்பது ஒன்றரை வயதுக்கு நல்ல வேலை. இரும்புக் கல் காலில் விழுந்தால் காயம், அலுமினியக் கல்லாக இருந்தால் நல்லது. பேரனுக்கு நான்கு வயது ஆகும்போது இதே மாவை முறுக்கு அச்சில் பிழியச் சொல்லுங்கள். அமுக்கும் அச்சைவிடத் திருகும் அச்சு பிள்ளைகளுக்கு எளிது. எழுதத் தேவையான கைப்பிடி அதில் உறுதிப்படும்.

எந்தப் பொருளும் சிறியதா என்று சந்தேகம் வந்தால், கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக்குழாயில் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைந்துவிடும் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, பாசிமணி எல்லாமே இதில் தோற்றுவிடும். வேகாத ராஜ்மா நஞ்சு, அதைப் பெரிய பிள்ளைக்கும் விளையாடத் தர வேண்டாம்.

அரிசியில் வண்ணம் ஏற்றி விளையாடலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். என் மாமியாருக்கோ அரிசியைக் கொட்டி விளையாடுவது மனதுக்கு ஒப்பவில்லை. என்ன செய்வது?
(வாசகி, ஈசூன்)

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வண்ணமேற்றாத அரிசியைச் சுத்தமான தாம்பாளத்தில், கழுவிய கையோடு அளையவிட்டு, விளையாடிய பிறகு களைந்து சோறாக்கிவிடுங்கள். படி, ஆழாக்கு, புனல் கொடுத்தால் பிள்ளைக்கு அளவும் புரியும், அத்தைக்கும் குறையிருக்காது. கூடவே உட்கார்ந்து முறத்தில் புடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் முறத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

வண்ணம்தான் வேண்டும் என்றால் காலாவதியான, வண்டு விழுந்த அரிசியை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து, சலித்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பை அரிசி, ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர், பத்துச் சொட்டு உணவு வண்ணம். பையில் போட்டுக் குலுக்குங்கள். வினிகர் கூடினால் அரிசி ஊறி உடையும். தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஒரு பகல் முழுக்க உலர்த்துங்கள். குறிப்புகளில் போட்டிருக்கும் ஒரு மணி நேரம் இங்கே போதாது. ஈரத்தோடு மூடினால் நான்கே நாளில் பூஞ்சை.

ஐந்து வயது மகன் கத்தரிக்கோலால் வெட்டினால் தாள் நறுக்கென்று வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்கிறது. இடக்கைப் பழக்கம். வலக்கையில் பிடிக்கச் சொல்லிப் பழக்கலாமா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

கையை மாற்றாதீர்கள், கத்தரிக்கோலை மாற்றுங்கள். கத்தரிக்கோலின் இரு அலகுகளும் ஒன்றோடொன்று அழுந்தி உரசினால்தான் தாள் வெட்டுப்படும். வலக்கைக்காரர் பிடிக்கும்போது கட்டை விரல் வெளிப்பக்கமும் மற்ற விரல்கள் உள்பக்கமும் இயல்பாகவே தள்ளுவதால் அலகுகள் நெருங்குகின்றன. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அந்தத் தள்ளல் அலகுகளைப் பிரித்துவிடுகிறது. இடைவெளியில் தாள் நுழைந்து மடங்குகிறது. போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைப்பதால், பிள்ளை தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துப் பார்த்து வெட்டும். உங்கள் மகன் அப்படிச் செய்கிறானா என்று கவனியுங்கள்.

இடக்கைக் கத்தரிக்கோலில் கைப்பிடி மட்டும் மாறியிருந்தால் போதாது, அலகே இடம் மாறியிருக்க வேண்டும். முனையை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள்: மேலே இருக்கும் அலகு இடப்பக்கம் இருந்தால் இடக்கைக்கானது. 'இரு கைக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் வலக்கை அலகோடுதான் வருகின்றன. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் உள்ள எழுதுபொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கட்டை விரல் நகம் கூரையைப் பார்க்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும். 80 கிராம் அச்சுத் தாள் தொளதொளவென்று வளையும். 160 கிராமுக்கு மேற்பட்ட வரைதாளோ பழைய வாழ்த்து அட்டையோ கொடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்குவது முதல் படி. மாவை விரல் பருமனில் உருட்டிக் கொடுத்தும் நறுக்கச் சொல்லலாம். வட்டம் வெட்டும்போது இடக்கைக்காரர் கடிகார முள் போகும் திசையில் போனால் கோடு கண்ணுக்குத் தெரியும். வலக்கைக்காரரான நீங்கள் காட்டிக்கொடுக்கும்போது திசையைத் தலைகீழாகக் காட்டிவிடுவீர்கள், எதிரே உட்கார்ந்து காட்டினால் குழப்பம் குறையும்.

நான்கு வயது மகன் பசை, வண்ணம் எதையும் தொட மாட்டேன் என்கிறான். விரலில் ஒரு சொட்டுப் பட்டாலே அழுகை. பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கையால் வண்ணம் பூசும்போது ஒதுங்கி நிற்கிறானாம்.
(வாசகி, தெம்பனிஸ்)

கையைப் பிடித்து வண்ணத்தில் முக்குவது மட்டும் வேண்டாம். ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்து மேசைப் பக்கமே வர மாட்டான். காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கு, கருவியிலிருந்து விரலுக்கு என்று மெல்ல நகருங்கள்.

முதலில் ரவையோ உப்போ தாம்பாளத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஒரு தூரிகைக் காம்பால் கோடு போடச் சொல்லுங்கள். புள்ளி வைத்து நீங்கள் ஒரு சிறு கோலம் போடுங்கள். தட்டை அசைத்து அழித்துவிட்டு மீண்டும் போடுங்கள். அடுத்து, கெட்டியான பூட்டுப் பையில் (ஜிப்லாக்) இரண்டு மூன்று மேசைக்கரண்டி வண்ணத்தை ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, நான்கு ஓரமும் அகல ஒட்டுநாடா ஒட்டி, பையைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் வண்ணம் நகரும், கை நனையாது. தாழ்ப்பாள் போட்ட சன்னலாக இருக்கட்டும். இதில் பழகியபின் நீளத் தூரிகை, பிறகு குட்டையான பஞ்சுக் குச்சி, அதன்பின் ஒற்றை விரல். ஒவ்வொரு நிலையிலும் ஈரத்துணி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதி அச்சம் போய்விடும். "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருக்காமல், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பாட்டுக்கு விளையாடுங்கள்.

தோல் அரிப்பு உள்ள பிள்ளையா என்பதையும் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பு இருந்தால் உப்பு மாவு எரியும். அழுகைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சட்டை லேபிள், நகம் வெட்டுவது, தலை குளிப்பது, சாப்பாட்டின் பதம் என்று எல்லாவற்றிலும் இதே போராட்டம் என்றால், பலதுறை மருந்தகத்தில் அடுத்த வளர்ச்சிப் பரிசோதனையின்போது சொல்லுங்கள்.

வண்ணம், மாவு என்றாலே தரையை நினைத்துப் பயமாக இருக்கிறது. மூவறை வீடு, பால்கனி இல்லை.
(வாசகி, குவீன்ஸ்டவுன்)

குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு கழுவிவிடலாம். வரவேற்பறைதான் வசதி என்றால் பழைய போர்வை விரியுங்கள். நெகிழித் தாள் வழுக்கும், சிந்தியதை உறிஞ்சாது. உணவு வண்ணம் தோலில் இரண்டு மூன்று நாளில் போய்விடும், டைல் இடுக்கில் போகாது. கழுவினால் போகும் வகை போஸ்டர் வண்ணத்தோடு அரை தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் துணியில் பட்டாலும் எளிதில் விடும். மஞ்சள் கறையை அலசிவிட்டு, ஈரத்தோடு வெயிலில் துணி உலர்த்தும் கழியில் போடுங்கள். வெளிச்சத்தில் தானே வெளுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். சோள மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் குத்தினால் கெட்டியாகவும் விட்டால் ஒழுகவும் செய்யும் கலவை கிடைக்கும். பிள்ளைகள் அதை விடவே மாட்டார்கள். முடிந்ததும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க அப்படியே விட்டால் மாவு அடியில் தங்கிவிடும். மேல்நீரை வடித்து, மாவைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

குளியல் தொட்டியில் தண்ணீர் விட்டு, குவளை, புனல் கொடுத்தால் என் மகள் ஒரு மணி நேரம் தன்னை மறந்து விளையாடுகிறாள். தண்ணீரை வீணாக்காமல் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாமா?
(வாசகி, பிடோக்)

கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சுத்தமான நீரைத்தான் தேடும். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தொட்டி மட்டுமில்லை, கவிழ்த்து வைக்காத குவளை, பொம்மை லாரியின் பின்பகுதியில் தேங்கிய நீர்கூடப் போதும். முட்டை காய்ந்த பரப்பிலும் பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், நீரை ஊற்றுவதோடு விடாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். விளையாடிய நீரைத் தரை துடைக்கவோ கழிவறைக்கோ பயன்படுத்தலாம். ஐந்து சென்டிமீட்டர் ஆழ நீரிலும் சிறு பிள்ளை மூழ்க முடியும். கைப்பேசி அடித்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

தீபாவளிக்குப் பிள்ளைகளோடு அகல் விளக்கு செய்ய ஆசை. போன ஆண்டு காற்றில் உலரும் களிமண்ணில் செய்தவை எல்லாம் விரிசல் விட்டுப்போயின. வயது நான்கும் ஆறும்.
(வாசகி, செங்காங்)

விரிசலுக்குப் பெரும்பாலும் கனம்தான் காரணம். அடி ஒரு சென்டிமீட்டர், ஓரம் இரண்டு மில்லிமீட்டர் என்றிருந்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், அடி இன்னும் ஈரமாகவே இருக்கும். இழுபறியில் விளக்கு பிளக்கும். உருண்டையைக் கட்டை விரலால் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளி எல்லாப் பக்கமும் ஆறேழு மில்லிமீட்டர் வருமாறு செய்யுங்கள். பிள்ளைக்குக் கனம் புரிய ஒரு பல்குத்தும் குச்சியில் பேனாவால் அடையாளமிட்டுக் கொடுங்கள், குத்திப் பார்த்துக்கொள்ளட்டும். வழுவழுப்பாக்குகிறேன் என்று தண்ணீரை நிறையத் தடவுவதும் பிளவுக்கு வழி. உலரும்போது நேரே மின்விசிறிக் காற்றில் வைக்காமல், முதல் நாள் ஒரு துணியால் மூடி, மறுநாள் திறந்து, மூன்றாம் நாள் கவிழ்த்துப் போடுங்கள். அவசரப்பட்டு வண்ணம் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும்.

இப்படிச் செய்தவற்றில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றாதீர்கள். களிமண் சுடப்படாததால் எண்ணெயில் ஊறி உருக்குலையும். மேசையை அலங்கரிக்க மட்டும். ஏற்றுவதற்குத் தேக்கா சந்தைப் பக்கம் சுட்ட அகல் வாங்கி, வெளிப்புறம் மட்டும் அக்ரிலிக் வண்ணம் பூசச் சொல்லுங்கள். திரி வைக்கும் மூக்கைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள்.

களிமண் விளக்குக்குள் மின்கல மெழுகுவர்த்தி வைப்பதாக இருந்தால் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சிஆர்2032 என்ற காசு வடிவ மின்கலம் இருக்கும். விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். மூடி திருகாணியால் பூட்டியிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். ஒன்று காணாமல் போய், பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழையுங்கள்.

ஐந்து வயதுப் பேத்திக்கு வரைவதில் நாட்டமில்லை. "மேஜிக் காட்டுங்க பாட்டி" என்கிறாள். எளிதாக ஏதாவது?
(வாசகி, புக்கிட் பாத்தோக்)

ஆரத்தித் தண்ணீரை அவளிடம் காட்டியிருக்கிறீர்களா அம்மா? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கும் அதே வேலையைத் தாளில் செய்யலாம். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், பிள்ளையின் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். அதற்குப் பதில் சமையல் சோடா.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை மூன்று மேசைக்கரண்டி மதுசாரம் கலந்த கைக் கிருமிநாசினியில் நீங்களே குழைத்து, தடித்த வெள்ளைத் தாளில் பூசி உலரவிடுங்கள். மஞ்சளின் நிறமி தண்ணீரில் சரியாகக் கரையாது, மதுசாரத்தில் கரையும். தண்ணீரில் கலந்தால் தாளில் மணல் தூவியதுபோல் நிற்கும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள். தாள் முழுக்கக் காய்ந்து வாடை போனதும், இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஆறவிட்டு, பஞ்சுக் குச்சியோடு பேத்தியிடம் கொடுங்கள். நிறமற்ற நீர் பட்ட இடமெல்லாம் செங்கல் நிறமாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் மீண்டும் மஞ்சளாகத் திரும்பும். சோடா நீரைவிட சலவை சவுக்காரம் கரைத்த நீர் அடர்த்தியான சிவப்பைத் தரும், ஆனால் அது உங்கள் கையில் இருக்கட்டும்.

சங்குப்பூ கிடைத்தால் இன்னும் வேடிக்கை. ஐந்தாறு பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கருநீலம். மூன்று கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னொன்றில் சோடா போட்டால் பச்சை கலந்த நீலம், மூன்றாவது அப்படியே. வரையப் பிடிக்காத பிள்ளைகூட இந்த மூன்றையும் தூரிகையால் தொட்டு ஒரு தாளை நிறைத்துவிடும்.

கடைப் பசை வேண்டாம் என்று வீட்டில் மைதாப் பசை காய்ச்ச நினைக்கிறேன். ஊரில் அப்பா அதில் மயில்துத்தம் போடுவார். இங்கே எங்கே கிடைக்கும்?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

தேடாதீர்கள். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுவார்கள், ஆனால் நஞ்சு. விரல் சூப்பும் வயதில் அது வேண்டவே வேண்டாம்.

கால் கோப்பை மைதாவை அரை கோப்பைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு கோப்பை நீரில் ஊற்றி, பளபளப்பு வரும் வரை இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி வினிகர். குளிர்பதனப் பெட்டியில் நான்கு ஐந்து நாள் இருக்கும். தாளுக்கும் பட்டத்துக்கும் நன்றாக ஒட்டும். அட்டைப் பெட்டி, ஐஸ்குச்சிக்கு வெள்ளைப் பிவிஏ பசைதான் சரி. மெல்லிய தாளில் மைதாப் பசையைத் தடிப்பாகப் பூசினால் ஒரு பக்க இழைகள் மட்டும் ஊறி விரிந்து தாள் சுருண்டுவிடும். ஓரத்தில் மெல்லிய கோடாகத் தடவி, காயும் வரை மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள், நடுவில் ஒரு நெகிழித் தாள் போட்டு.